கடலுக்குப் போனவர் இலங்கையில் பிடிபட்டால்: கரையில் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி

பிடிபட்ட செய்தி பெரும்பாலும் விடியற்காலையில்தான் வருகிறது. பக்கத்தில் மடி (இழுவை வலை) இழுத்த படகுக்காரர் வயர்லெஸ்ஸில் சொல்லியிருப்பார், இல்லையென்றால் ஜெட்டிக்கு வந்து சேர்ந்ததும் சொல்லுவார். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் ஊர்களில் இந்தச் செய்தியைக் கேட்காத தெரு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு குடும்பத்துக்கு அது முதல் முறை. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பெண்ணுக்கும், மகனை முதல் பருவம் கடலுக்கு அனுப்பிய தாய்க்கும் யாரிடம் போவது, என்ன கொடுப்பது என்று தெரியாது. இந்தக் கட்டுரை அவர்களுக்காகவும், அவர்களுக்கு உதவ முன்வரும் ஊர் இளைஞர்களுக்காகவும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர் எப்போது விடுதலையாவார் என்பது இரண்டு அரசுகளின் கையிலும் ஒரு நீதிமன்றத்தின் கையிலும் இருக்கிறது. அதைக் குடும்பம் பெரிதாக வேகப்படுத்த முடியாது. ஆனால் காகிதம் சரியில்லாததால் ஏற்படும் தாமதம், வராமல் போகும் தினப்படி, வட்டி ஏறும் கடன், படிப்பு நிற்கும் பிள்ளைகள் ஆகிய எல்லாவற்றையும் கரையிலிருந்தே தடுக்கலாம். அதற்கு வீட்டுப் பெண்ணின் கையில் காகிதங்கள் இருக்க வேண்டும். படகு முதலாளியான சம்மாட்டி பார்த்துக்கொள்வார், சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருப்பதுதான் இந்தக் கரையில் அதிகம் நடக்கும் தவறு.

பிடிபட்டாரா, காணாமல் போனாரா

செய்தி வந்ததும் முதல் வேலை இதை உறுதி செய்வது. பார்த்தவர் யார், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், கடற்படைப் படகு அருகில் வந்ததை நேரில் பார்த்தாரா, வயர்லெஸ்ஸில் கேட்டது மட்டும்தானா? இதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகும்போது மூன்று படகு ஐந்து படகாகிவிடும்.

பிடிபட்டதை யாரும் நேரில் பார்க்கவில்லை, படகும் திரும்பவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டுக்கும் கூப்பிடுங்கள். அவர்கள் கேட்பது: படகின் பதிவெண், நிறம், ஆட்களின் எண்ணிக்கை, புறப்பட்ட நேரம், கடைசியாகப் பேசிய நேரம், தெரிந்தால் கடைசி ஜிபிஎஸ் புள்ளி. அன்றைக்கே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பின்னால் விபத்துக் காப்பீடு கேட்கும்போது அந்த ரசீதிலிருந்துதான் எல்லாம் தொடங்கும். ஆள் கிடைக்காமலே போனால், ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளும் சட்ட விதி இருக்கிறது. அரசு உதவியும் காப்பீடும் கேட்க அதுவரை காத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். முதல் நாளிலேயே மீன்வளத்துறையில் மனு கொடுத்து வையுங்கள்.

இனி வருவது, பிடிபட்டது உறுதியானவர்களுக்கு.

முதல் நாள்: பட்டியல்

ராமேஸ்வரம் விசைப்படகுகள் மீன்வளத்துறையின் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் கடலுக்குப் போகின்றன. நாம் டோக்கன் என்று சொல்லும் அந்தச் சீட்டின் விவரம்தான் அரசு முதலில் புரட்டிப் பார்ப்பது. சிக்கலும் அங்கேதான் தொடங்கும். கடைசி நேரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல், அவருக்குப் பதிலாக மச்சான் ஏறியிருப்பார், பட்டியலில் மச்சான் பெயர் இருக்காது. பிடிபட்டது ஏழு பேர், சீட்டில் இருப்பது வேறு ஏழு பேர். அந்த ஒருவரின் குடும்பம், அவர் அந்தப் படகில்தான் போனார் என்று நிரூபிக்கவே நாள் கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

ஆகவே முதல் நாள் காலையிலேயே சம்மாட்டி வீட்டில் எல்லாக் குடும்பத்தையும் உட்காரவைத்து ஒரே தாளில் பட்டியல் எழுதுங்கள். படகின் பதிவெண் முழுவதும் வேண்டும், ஐஎன்டி, டிஎன் என்று தொடங்கி கடைசி எண் வரை. உரிமையாளர் பெயர், டிரைவர் யார், ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், வயது, தெரு, ஊர், வீட்டில் இருப்பவரின் கைபேசி எண். ஆள் மாறி ஏறியிருந்தால் மறைக்காமல் எழுதி, சம்மாட்டியின் கையெழுத்தோடு கொடுத்துவிடுங்கள். மறைத்தால் அந்த ஆளுக்குத்தான் கேடு.

பட்டியலில் பதினெட்டு வயது நிரம்பாத பையன் இருந்தால் அவன் பெயருக்கு எதிரே அதைத் தனியாகக் குறியுங்கள். பையனைக் கடலுக்கு அனுப்பியது வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து வயதைக் கூட்டிச் சொல்பவர்கள் உண்டு. அது பையனுக்குச் செய்யும் பெரிய கெடுதல். சிறுவர் என்று தெரிந்தால்தான் பெரியவர்களோடு சிறையில் வைக்காமல் தனியாக நடத்துவார்கள். பிறப்புச் சான்றிதழ், இல்லையென்றால் பள்ளி மாற்றுச் சான்றிதழ், அன்றைக்கே போய்ச் சேர வேண்டும்.

ஆவணப் பை

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி, ஒவ்வொன்றிலும் நான்கு நகல் வையுங்கள்:

- பிடிபட்டவரின் ஆதார், மீனவர் அடையாள அட்டை, வாக்காளர் அட்டை
- குடும்ப அட்டை
- மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை அல்லது நல வாரியப் பதிவு
- இரண்டு புகைப்படம், ஆறு மாதத்துக்குள் எடுத்தது
- மனைவியின் ஆதார், மனைவி பெயரில் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம்
- அவர் ஏதாவது மருந்து தொடர்ந்து சாப்பிட்டால் மருத்துவரின் சீட்டு

திருமணமாகாதவர் என்றால் மனைவியின் இடத்தில் தாயின் ஆவணங்கள். எல்லாவற்றையும் கைபேசியில் நேராக, நிழல் விழாமல் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் கைபேசிக்கும் அனுப்பி வையுங்கள்.

இதில் ஆள் அடையாளத்துக்கான காகிதம்தான் கடைசி வரை வேலை செய்யும். கடலுக்குப் போனவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. விடுதலையான பிறகு அவரை விமானத்தில் ஏற்ற, கொழும்பில் உள்ள இந்தியத் தூதரகம் அவசரப் பயணச் சான்று கொடுக்க வேண்டும். அதற்கு அவர் இந்தியர்தான், இந்தப் பெயர்க்காரர்தான் என்று உறுதியாக வேண்டும். ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டு, மீனவர் அட்டையில் வேறு எழுத்துக்கூட்டு இருப்பது நம் கரையில் சர்வசாதாரணம். அந்தோணி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எச் கூடும், இல்லையென்றால் குறையும். ஒரு அட்டையில் தந்தை பெயர் முன்னெழுத்தாக இருக்கும், இன்னொன்றில் முழுதாக இருக்கும். படகில் பிடித்தவர்களிடம் அவர் சொன்ன பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராகவும் இருக்கலாம். மூன்று அட்டையையும் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், இவை எல்லாம் ஒரே ஆளைக் குறிப்பவை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் வாங்கி, நகலோடு சேர்த்துக் கொடுங்கள்.

மனு எங்கே, எப்படி

முதல் மனு உங்கள் பகுதியின் மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு. ராமேஸ்வரம் தீவுப் படகுகளுக்கு ஒரு அலுவலகம், மண்டபம் பக்கம் வேறு அலுவலகம். படகு எந்த ஊரில் பதிவாகியிருக்கிறதோ அங்கேயும், ஆள் வேறு ஊர்க்காரர் என்றால் அவருடைய ஊர் அலுவலகத்திலும் கொடுக்க வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே படகில் ஏறியவர்களின் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் தொங்கிப்போகின்றன. இரண்டு அலுவலகமும் ஒன்றை ஒன்று கைகாட்டும். இரண்டு இடத்திலும் ரசீது வாங்கிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது மனு ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியருக்கு. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். அந்த எண்ணை ஃபைலின் அட்டையிலேயே எழுதி வையுங்கள். நேரில் போக முடியாதவர்கள் முதல்வரின் உதவி மைய எண் 1100இல் பதிவு செய்யலாம்.

மனு நீளமாக இருக்கக் கூடாது. இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, நான் ராமேஸ்வரம் … தெருவில் வசிக்கிறேன். என் கணவர் …, தந்தை பெயர் …, வயது …, கடந்த … தேதி … பதிவெண் கொண்ட விசைப்படகில் மீன்பிடிக்கச் சென்றார். … தேதி இலங்கைக் கடற்படையால் படகோடு கைது செய்யப்பட்டதாக அறிகிறேன். எங்களுக்கு … வயதில் … குழந்தைகள். வேறு வருமானம் இல்லை. அவரைத் தாயகம் அழைத்துவரவும், அவர் எந்த நீதிமன்றத்தில், எந்தச் சிறையில் இருக்கிறார் என்ற விவரத்தை எனக்குத் தெரிவிக்கவும், காவலில் உள்ள மீனவர் குடும்பத்துக்கான தினசரி உதவித்தொகையை வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன். அவர் … நோய்க்கு மருந்து எடுத்து வருகிறார். இணைப்பு: …"

மருந்து வரியை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு இருப்பவர்களுக்கு மாத்திரை படகோடு போயிருக்கும். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, அதன் அதிகாரிகள் சிறையில் போய் நம் மீனவர்களைப் பார்க்கிறார்கள். மருந்துச் சீட்டு மீன்வளத்துறை வழியாக அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தால் சிறை மருத்துவரிடம் பேச அவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

அந்தக் கரையில் நடப்பது

என்ன நடக்கிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போகும். பிடித்தவர்களைத் தலைமன்னார், காங்கேசன்துறை, மயிலிட்டி போன்ற இடங்களுக்குக் கொண்டுபோவார்கள். மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு இலங்கை மீன்வளத்துறை அதிகாரிகளிடம் ஒப்படைத்து, நீதவான் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்துவார்கள். மன்னார்ப் பக்கம் பிடிபட்டால் பெரும்பாலும் மன்னார் நீதிமன்றம், வவுனியா சிறை. நெடுந்தீவுப் பக்கம் என்றால் ஊர்காவற்றுறை நீதிமன்றம், யாழ்ப்பாணச் சிறை. இரணைதீவுப் பக்கம் கிளிநொச்சி, வடக்கே பருத்தித்துறை. காவலை அங்கே விளக்கமறியல் என்பார்கள். அது பொதுவாகப் பதினான்கு நாள் வரை விதிக்கப்படும், பிறகு அடுத்த தேதி. அங்குள்ள செய்திகளில் இந்தச் சொல் வரும்போது தண்டனை கொடுத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

வழக்கில் பொதுவாக மூன்று குற்றச்சாட்டு இருக்கும்: அத்துமீறி நுழைந்தது, அனுமதியின்றி மீன் பிடித்தது, தடைசெய்யப்பட்ட இழுவை மடி வைத்திருந்தது. இலங்கை 2017இல் இழுவை மடித் தொழிலைத் தடை செய்தது. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான சட்டத்தைத் திருத்தி, படகின் நீளத்தைப் பொறுத்து 50 இலட்சம் இலங்கை ரூபாயிலிருந்து 17.5 கோடி வரை அபராதம் வைத்தது. முன்பெல்லாம் சில வாரத்தில் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். இப்போது அப்படி இல்லை. முதல் முறை பிடிபட்ட கூலி ஆளுக்கு, ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு விடுதலை கிடைப்பது வழக்கம். படகை ஓட்டிய டிரைவருக்கும் இரண்டாம் முறை பிடிபட்டவருக்கும் மாதக்கணக்கில் சிறை விழுகிறது. அபராதம் கட்டாவிட்டால் இன்னும் சில மாதம் கூடும். ஒரே படகில் போன ஆறு பேரில் நான்கு பேர் வந்து இருவர் வராமல் இருந்தால் காரணம் இதுதான். அதை வைத்து அக்கம்பக்கத்தில் பழி பேசிப் பகை வளர்க்காதீர்கள்.

இதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கரையில் நம் படகுகளுக்கு எதிராக நிற்பவர்கள் கடற்படை மட்டும் அல்ல. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சிறு வலை வைத்துப் பிழைக்கும் தமிழ் மீனவர்கள், இழுவை மடி தங்கள் வலையை அறுத்துப் போகிறது, கடலடியை வழித்துப் போகிறது என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் பக்கம் 1974 ஒப்பந்தத்தில் போட்ட கோடு பாக் நீரிணையில் கரைக்கு மிகப் பக்கமாக ஓடுகிறது, கரையோரக் கடல் நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது, நடுவில் மிஞ்சுவது குறுகிய பட்டை. இந்த இரண்டு உண்மைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் படகில் பங்கில்லாத கூலி ஆள்.

தேதி நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கைதான தேதி, நீதிமன்றம், சிறை, முதல் விளக்கமறியல் முடியும் தேதி, அடுத்த விசாரணைத் தேதி. ஒவ்வொரு விசாரணைத் தேதிக்கும் இரண்டு நாள் முன்பு மீன்வளத்துறையில் போய், வழக்கறிஞர் யார், ஆஜராவாரா என்று கேளுங்கள். தூதரகம் சட்ட உதவிக்கு ஏற்பாடு செய்யும். அதற்கு வெளியே யாராவது கைபேசியில் கூப்பிட்டு, யாழ்ப்பாணத்தில் எனக்கு ஆள் இருக்கிறது, ஐம்பதாயிரம் அனுப்பினால் அடுத்த தேதியில் வெளியே எடுத்துவிடலாம் என்றால் பணம் அனுப்பாதீர்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்தில் கொடுங்கள். அபராதம் என்றாலும் எவ்வளவு, எந்த வழக்கு எண்ணுக்கு, யார் மூலம் கட்டுவது என்று அலுவலகத்தில் உறுதி செய்த பிறகே பணத்தைத் திரட்டுங்கள்.

தொலைக்காட்சிக்காரர்கள் வருவார்கள். பிள்ளைகள், வருமானம், எத்தனை நாளாகத் தகவல் இல்லை என்பதையெல்லாம் தாராளமாகப் பேசுங்கள். எங்கே மடி இழுத்தார், எந்தப் புள்ளியில் பிடித்தார்கள் என்று ஊகித்துப் பேசுவதைத் தவிருங்கள், வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தால் அன்றைக்கு ஊரே ஜெட்டியிலும் சாலையிலும் இருக்கும். போராட்டம் அதன் வேலையைச் செய்யும். நீங்கள் நோட்டில் குறித்த தேதிப்படி அலுவலகத்துக்குப் போவதை அதற்காகத் தள்ளிவைக்க வேண்டாம். வீட்டிலிருந்து ஒருவர் போராட்டத்துக்கு, ஒருவர் அலுவலகத்துக்கு.

வீட்டுப் பணம்

இலங்கைக் காவலில் இருக்கும் மீனவரின் குடும்பத்துக்குத் தமிழக அரசு தினப்படி தருகிறது. 2025இல் இது நாள் ஒன்றுக்கு ரூ.350லிருந்து ரூ.500ஆக உயர்த்தப்பட்டது. பணம் வங்கிக் கணக்குக்கு வரும், ஒவ்வொரு நாளும் அல்ல, சேர்ந்து வரும். இங்கே அதிகம் கெடுவது ஒரே விஷயத்தால்: கணக்கு அவர் பெயரில், கணக்கோடு இணைந்த கைபேசி எண்ணும் அவருடையது. அந்தக் கைபேசி படகோடு அங்கே பறிமுதலாகிக் கிடக்கிறது. ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்கே போகும். கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியாது. மனைவி பெயரில், மனைவியின் எண்ணோடு, ஆதார் இணைத்த தனிக் கணக்கு இல்லையென்றால் அதை இந்த வாரமே தொடங்குங்கள். பிடிபடாத வீடுகளும் தொடங்கி வைப்பது நல்லது.

அடுத்தது கடன். இதில்தான் குடும்பங்கள் உடைகின்றன. சாதாரணமாக ஒரு கடலோடி வீட்டில் மூன்று வகைக் கடன் இருக்கும்: சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம், பெண்கள் குழுவில் நுண்கடன் நிறுவனத்திடம் எடுத்த கடன், தெரு வட்டிக்காரரின் கடன். மூன்றையும் ஒரு தாளில் எழுதி, யாருக்கு எவ்வளவு பாக்கி, தவணை என்றைக்கு என்று குறித்துவிட்டுத்தான் யாரிடமும் பேச வேண்டும்.

சம்மாட்டியிடம் இரண்டு விஷயம் பேசி, சங்கத் தலைவர் முன் எழுதிக்கொள்ளுங்கள். பிடிபட்டவர் வரும்வரை சம்மாட்டி முன்பணத்தைக் கேட்கக் கூடாது. கடைசியாகக் கடலுக்குப் போன பாட்டில் வர வேண்டிய பங்கு பாக்கி இருந்தால் அது உடனே மனைவி கைக்கு வர வேண்டும். வீட்டுச் செலவுக்கு ஏதாவது தரும் சம்மாட்டிகள் உண்டு. அப்படித் தந்தால் அது உதவியா, முன்பணக் கணக்கில் ஏறுமா என்பதையும் அப்போதே எழுத்தில் தெளிவாக்குங்கள். திரும்பி வந்ததும் அதே படகில் ஏறியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது.

குழுக்கடனுக்கு ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறை துணை நிற்கும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடவோ வரவோ கூடாது. மிரட்டுவது, திட்டுவது, உறவினர்களையும் அக்கம்பக்கத்தையும் தொந்தரவு செய்வது கூடாது. வசூல் இருதரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில் நடக்க வேண்டும். அந்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராதவரின் வீட்டுக்குத்தான் வரலாம். ஆகவே வசூல் கூட்டத்துக்குப் போகாமல் ஒளியாதீர்கள். பணம் இல்லையென்றாலும் போய் உட்காருங்கள். கைதுக்கான செய்தித்தாள் துண்டும் மனுவின் ரசீதும் இணைத்து, தவணையைத் தள்ளிவைக்கக் கேட்டுக் கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தையாக வசூல்காரரிடம் சொன்னது எங்கும் பதிவாகாது. மீறி நடந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள், தீரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் வழி கேளுங்கள். ஒரு குழுக்கடனைக் கட்ட இன்னொரு குழுவில் எடுப்பது மட்டும் வேண்டாம்.

தெரு வட்டிக்கு 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. வெற்றுத் தாளிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். இதற்கெல்லாம் காசில்லாமல் வழக்கறிஞர் வேண்டுமென்றால் ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், இலவச எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை.

பிள்ளைகள்

வருமானம் நின்ற இரண்டாவது மாதத்தில் மூத்த பையன் படகில் ஏறுகிறேன் என்பான். பத்தாவது படிக்கும் பெண், அம்மாவோடு நண்டு உடைக்கவோ பாசி எடுக்கவோ போய்விடுவாள். தலைமை ஆசிரியரிடம் முதல் வாரத்திலேயே நிலைமையைச் சொல்லி வைத்தால், வராத நாட்களில் ஆள் அனுப்பி விசாரிப்பார்கள், பெயரை நீக்கிவிட மாட்டார்கள். ஆண் துணை இல்லாத வீடு, கடன் வேறு, பொறுப்பை முடித்துவிடலாம் என்று பெண்ணுக்கு வரன் கொண்டுவரும் உறவினர்கள் இந்த நேரத்தில்தான் வருவார்கள். பதினெட்டு நிரம்பாமல் கல்யாணம் செய்துவைத்தால் செய்துவைத்தவர்கள்மீது வழக்கு வரும். சொல்லியும் கேட்காத உறவினர் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள், கூப்பிட்டவர் பெயரை வெளியிட மாட்டார்கள்.

படகு

ஆள் வழக்கு வேறு, படகு வழக்கு வேறு. ஆட்கள் வந்துவிட்டதால் படகும் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நீதிமன்றம் ஒரு தேதி குறித்து, உரிமையாளரை ஆவணங்களோடு நேரில் வரச் சொல்லும். அன்றைக்குப் போகாவிட்டால் படகு அந்த நாட்டு அரசுடைமையாகிவிடும். பதிவுச் சான்று யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பல வீடுகளில் படகு மனைவி பெயரில் இருக்கும். அப்படியானால் பாஸ்போர்ட்டும் விசாவும் அவருக்கு வேண்டும், போய் நிற்க வேண்டியதும் அவர்தான். படகு வாங்கும் அன்றே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம். தேதி குறித்த பிறகு விண்ணப்பித்தால் நேரம் போதாது.

மீட்க முடியாமல் போன படகுக்குத் தமிழக அரசு நிவாரணம் தருகிறது. விசைப்படகுக்கான தொகை 2025இல் 6 இலட்சத்திலிருந்து 8 இலட்சமாகவும், நாட்டுப்படகுக்கு ஒன்றரை இலட்சத்திலிருந்து 2 இலட்சமாகவும் உயர்ந்தது. படகின் விலைக்கு இது பக்கத்தில்கூட வராது. ஆனால் விண்ணப்பிக்காமல் விடுவதற்குக் காரணம் இல்லை. பதிவுச் சான்று, டீசல் மானியப் புத்தகம், நீதிமன்ற உத்தரவின் நகல் இருந்தால் மனு வலுவாக நிற்கும்.

திரும்பி வரும்போதும், வந்த பிறகும்

விடுதலை என்று நீதிமன்றம் சொன்ன அன்றே வீடு வந்துவிட மாட்டார்கள். குடியகல்வு அதிகாரிகளின் பொறுப்பில் கொழும்புக்கு அருகே மிரிகானை முகாமில் வைத்து, பயணச் சான்று தயாரான பிறகு கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானத்தில் அனுப்புவார்கள். விமான நிலையத்தில் மீன்வளத்துறை ஆட்கள் எதிர்கொண்டு வாகனத்தில் ஊருக்குக் கூட்டிவருவார்கள். குடும்பம் கடன் வாங்கிச் சென்னைக்கு வண்டி பிடிக்கத் தேவையில்லை.

வந்தவரை ஒரு வாரம் விட்டுவிடுங்கள். தூக்கம் வராமை, சட்டென்று கோபம், ஆள் நடமாட்டத்தைக் கண்டால் ஒதுங்குவது, குடி கூடுவது ஆகியவை சிறையிலிருந்து வந்தவர்களிடம் தென்படும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கைபேசியில் பேச 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டில் அடிதடி என்று போனால் பெண்களுக்கு 181.

கடைசியாக, தீர்ப்பின் நகல். தண்டனை ஒத்திவைக்கப்பட்டிருந்தால் எத்தனை ஆண்டுகளுக்கு என்று அதில் இருக்கும், ஐந்து ஆண்டு என்பது அடிக்கடி வருவது. அதற்குள் மறுபடி பிடிபட்டால் பழைய தண்டனையும் சேர்ந்துவிடும், அவர் அங்கே இரண்டாம் முறைக்காரர். அந்தக் காலம் முடியும் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, சம்மாட்டியிடமும் டிரைவரிடமும் சொல்லிவிடுங்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் போகும் படகு என்று தெரிந்தால் அந்தத் தேதி வரை அதில் ஏறாமல், கரையோரம் தொழில் செய்யும் வல்லத்திலோ நாட்டுப்படகிலோ இடம் கேட்கச் சொல்லுங்கள். பங்கு குறையும். எவ்வளவு குறையும், தவணைக்கு அது போதுமா என்பதை அவர் அடுத்த டோக்கனுக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பே, கடன் எழுதிய அந்தத் தாளை நடுவில் வைத்து இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுங்கள்.